அறுபதில் போட்ட முழங்கால்

அறுபது வயது ஆண்பிள்ளை தலைக்கு மை போடுவதைக்கூட ஒப்புக்கொள்வான்; முட்டு வலிப்பதை மட்டும் சொல்ல மாட்டான். நானும் அந்த ரகம்தான்.

கோவில்பட்டியிலிருந்து புதூருக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே சர்வீஸை முடித்தவன் நான். கரிசல் ரோட்டுக் குண்டுகுழி அத்தனையும் என் முட்டில்தான் குடியேறியிருக்கிறது. "இனிமே முட்டி போடாதீங்க" என்று டாக்டர் சொன்னதை மனைவி எஸ்தரிடம் நான் மூச்சுவிடவில்லை. (கிழவன் என்று நினைத்துவிட்டால்?)

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போவேன். கதவோரம் கடைசி பெஞ்சு, ஃபேனுக்கு நேர் கீழே. பிரசங்கம் தொடங்கினால் டீக்கடை. நான் ஒரு தடவையாவது தன் பக்கத்தில் முழங்கால் போட்டு மனசார ஜெபிக்க வேண்டும் என்பது எஸ்தரின் பல வருஷத்து ஆசை. கேட்கும்போதெல்லாம் சிரித்து மழுப்பிவிடுவேன்.

எனக்கு அறுபது முடிந்தபோது பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "எங்கள்ல அறுபதாங் கல்யாணம் வைப்போம். உங்கள்ல ஒண்ணும் கிடையாதா?" என்று கேட்டு வைத்தார். எஸ்தருக்கு அது போதும். அடுத்த ஞாயிறே கோயிலில் இருவரும் முழங்கால் போட்டு ஸ்தோத்திர ஜெபம் என்று ஏற்பாடு செய்துவிட்டாள். மாட்டேன் என்றால் முட்டு விஷயம் வெளியே வரும். சரி என்றேன்.

ஆராதனை முடிவில் இருவரும் பீடத்தின் முன் முழங்கால் போட்டோம். ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) என் தலையில் கைவைத்து, பேரப்பிள்ளைகள் வரை பெயர் சொல்லி நீளமாக ஜெபித்தார். ஆமென் சொன்னதும் எஸ்தர் எழுந்தாள். நான் எழவில்லை. வலது முட்டு பூட்டிக்கொண்டது. லேசாக அசைந்து பார்த்தேன். உயிர் போய் வந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"எந்திரிங்க," என்றார் ஐயர் மெதுவாக. முடியாது என்று தலையை ஆட்டினேன். அவர் என் கண்ணீரைப் பார்த்தார். சட்டென்று மைக்கை எடுத்து, "யாரும் அசைய வேண்டாம். ஆண்டவர் இவியகிட்ட பேசுதாரு," என்றார். பாடகர் குழு தானாகவே ஒரு பாட்டை எடுத்தது. பின்னால் பெஞ்சுகள் நகர்ந்தன. திரும்பிப் பார்த்தால் சபை முழுக்க முழங்காலில். முதல் தடவையாகக் கோயிலுக்குள் வந்திருந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு முழங்காலில்.

எஸ்தர் மறுபடியும் என் பக்கத்தில் மண்டியிட்டாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க எனக்கு மனசே வரவில்லை. ஆனால் முட்டு விடுகிற மாதிரி இல்லை.

"ஏட்டி," என்றேன் அவள் காதில். "முட்டு பூட்டிக்கிட்டு. நிமிர மாட்டேங்குது. தூக்கி விடு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழப்போகிறாள் என்று பயந்துபோனேன். பிறகு அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். பின்னாலிருந்தவர்களுக்கு அது அழுகையாகத் தெரிந்து, சிலர் கூடவே விசும்பினார்கள். எஸ்தர் என் கக்கத்தில் தோளைக் கொடுத்து ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தினாள். சபையே ஸ்தோத்திரம் சொன்னது.

அறுபதுக்கென்று வாங்கி வைத்திருந்த கடலைமிட்டாயை வாசலில் கொடுக்கக்கூட என்னை விடவில்லை. ஆளாளுக்கு என் கையைப் பிடித்து, தங்களுக்காக ஜெபிக்கச் சொன்னார்கள். "அது முட்டு வலிங்க," என்று உள்ளதைச் சொன்னேன். என்ன தாழ்மை என்று மெச்சினார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது எஸ்தர் கேட்டாள். "உள்ளதச் சொல்லுங்க. அங்கன இருக்கையில ஒரு வார்த்தையாவது ஜெபிச்சீங்களா?"

"ஜெபிச்சேன். ஆண்டவரே, எப்படியாவது என்னைத் தூக்கி விடும்னு."

நடுரோட்டில் நின்று மறுபடியும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது எங்கள் தெருவின் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தை நடத்துவது நான்தான், நாற்காலியில் உட்கார்ந்தபடி. மருமகன்கள் வந்தால் எஸ்தர் சாப்பாட்டோடு இந்தக் கதையையும் பரிமாறிவிடுவாள். முடிக்கிற விதம் மட்டும் மாறுவதே இல்லை.

"இவிய மனசார பண்ணுன மொத ஜெபம் அதுதான். ஆண்டவரு ஒடனே கேட்டுட்டாரு. என்னைய அனுப்பி வச்சாரு."