அடுப்பே பற்ற வைக்காத டூனா சாலட்

பட்டாபிராம்,
14.5.2025, புதன்கிழமை.

இன்றைய தேதியில் எனக்கு வயது எழுபத்தாறு ஆண்டு, இரண்டு மாதம், ஐந்து நாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ 'எண்பதைத் தொடப்போகிறவள்' என்று அறிவித்திருப்பதால், இதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன்.

அன்புள்ள தம்பி இராமகிருஷ்ணனுக்கு,

அக்கா அகல்யா எழுதுவது. நான் நலம். நீயும் புஷ்பாவும் மாங்காட்டுக் காமாட்சியம்மன் அருளால் நலமாகவே இருப்பீர்கள். நலம் குன்றியவனால் விடிவதற்கு முன் அவ்வளவு நீளமான செய்தியைத் தட்டச்சு செய்ய முடியாது. "அக்காவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது. வீட்டில் மீன் சமைத்துப் புகை கிளப்பியிருக்கிறாள். அம்மா கைச் சேனைக்கிழங்கு வறுவல் மணந்த பரம்பரையில் மீன் நாற்றமா? இனித் தனியே விடுவதற்கில்லை. ஞாயிறு காலை வண்டியோடு போய் இங்கேயே அழைத்து வந்துவிடுகிறேன்" என்று நீ எழுத, உறவினர்கள் வரிசையாகக் கைகூப்பும் படம் போட்டிருக்கிறார்கள். நான் என் வீட்டைக் காலி செய்வதற்கு என்னைத் தவிர அனைவரும் சம்மதித்துவிட்டீர்கள். மகிழ்ச்சி. ஆயினும் குற்றவாளியின் தரப்பையும் கேட்பது நாகரிகம் என்பதால் எழுதுகிறேன்.

இந்தக் குற்றத்தின் மூலகர்த்தா நீ. "அடுப்புப் பக்கம் போகாதக்கா, கேஸைத் தொறந்து வச்சிட்டு மறந்துடுவ" என்று சில வருடங்களாகத் தொலைபேசியில் நீ ஓதிவரும் மந்திரத்துக்கு நேற்று முதன்முறையாகக் கீழ்ப்படிந்தேன். அக்கினி நட்சத்திர வெயில் வேறு. அடுப்பே இல்லாத சமையல் எதுவென்று யோசித்து, சாண்ட்விச்சுக்கு டூனா சாலட் செய்வதென்று முடிவெடுத்தேன். டூனா என்பது நம் கடலில் கிடைக்கும் சூரை மீன்தான், அயல்நாட்டு மிருகமன்று. டப்பாவைத் திறக்க வேண்டும், எண்ணெயை வடிக்க வேண்டும், வெங்காயமும் வெள்ளரிக்காயும் பொடியாக நறுக்கி, மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு, மயோனைஸ் சேர்த்துப் பிசைய வேண்டும். இதைவிட எளிய சமையல் நம் நாட்டில் பழைய சோறு ஒன்றே. ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்காரர், "மயோனைஸ் முட்டை கலக்காதது மேடம், சுத்த சைவம், தைரியமா வாங்குங்க" என்று உறுதி கூறி, அதை மீன் டப்பாவின் மேலேயே வைத்துப் பையில் போட்டுத் தந்தார். மீன் உனக்கு அதிர்ச்சி அளிக்கிறதாம். உன் அக்கா ஆயுள் முழுவதும் விலங்கியல் பேராசிரியை. கல்லூரியில் நான் மீனை அறுத்தவரை அது நம் குடும்பத்தின் பெருமை. தட்டில் வைத்ததும் புத்தித் தடுமாற்றம் ஆகிவிட்டது.

என்னிடம் டப்பா திறப்பான் இல்லை. ஆகவே எதிர்வீட்டு நடேசனை அழைத்தேன். ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "இன்னா டீச்சரம்மா, இதுக்குப் போய் யோசிக்கிறீங்க? டாங்கி மூடியவே தொறந்த கை இது" என்று ஒரு ரம்பத்தோடு வந்தார். அடிப்பக்கத் தகடுதான் மெலிசாக இருக்கும் என்று தொழில்நுட்ப விளக்கம் அளித்து, டப்பாவைக் கவிழ்த்து, மாடிப்படியில் வைத்து, முழங்காலால் அழுத்தி அறுத்தார். எண்ணெய் பீறிட்டு அவர் சட்டையில் பாய்ந்து, சட்டையிலிருந்து படியில் வழிந்து, படிப்படியாகத் தரைத்தளம் வரை இறங்கியது. வெற்றியோடு அவர் டப்பாவை நிமிர்த்தியபோது மேல்மூடியில் ஒரு வளையம் இருந்தது. விரலை விட்டு இழுத்தால் திறந்துகொள்ளும் வளையம். அதை நெடுநேரம் பார்த்தவர், "படிச்சவங்க, நீங்களாவது சொல்ல வேணாமா?" என்று என்னைக் கடிந்துகொண்டு குளிக்கப் போய்விட்டார். எண்ணெய் இறங்கிய வழியே எங்கள் குடியிருப்பின் பூனைகள் எல்லாம் ஏறி வந்தன.

அப்போதுதான் வீட்டு வேலை செய்யும் பூங்காவனம் வந்தாள். நான் கிண்ணத்தில் மீனை உதிர்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு மார்பில் கை வைத்தாள். "இன்னாம்மா, பச்சையாவா துன்னப் போற?" டப்பாவில் அடைக்கும்போதே வேகவைத்துவிடுவார்கள் என்றேன். "எவனோ எங்கியோ வேக வெச்சானாம், இவங்க கண்டாங்களாம். மஞ்சத்தூள் காணோம், பூண்டு காணோம், கவுச்சி எப்டிம்மா போவும்?" கிருமி நீக்கத்தைப் பற்றி வகுப்பில் நடத்துவதுபோல் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டபடியே அடுப்பைப் பற்ற வைத்தாள். கவனி: பற்ற வைத்தது அவள். கடுகு வெடித்தது, வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள் எல்லாம் விழுந்தன, என் சாலட் என் கண்ணெதிரே மீன் புட்டாக மாறியது. மயோனைஸ் பாட்டிலைத் திறந்து முகர்ந்து, "ஷேவிங் கிரீமாம்மா? ஊட்ல ஆம்பளயே இல்லியே" என்று கேட்டு, அதைக் குளியலறை அலமாரியில் வைத்துவிட்டாள். மிளகாய் காந்தியதில் புகை கிளம்பியது மெய். இருவரும் இருமினோம், அதுவும் மெய்.

இருமலும் பூனைகளும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சாவித்திரியை வரவழைத்தன. வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மேடம், இது வெஜ் பிளாக். உள்ள என்ன நடக்குது?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் பூங்காவனம், "வாழக்கா புட்டும்மா" என்றாள்.

"வாழைக்காய்க்கு எப்பலேர்ந்துடி பூனை வருது?"

"அதுங்களுக்கும் வாயி நமநமங்கும்ல?"

அடுத்து சாவித்திரி செய்தது உன்னைத் தொலைபேசியில் அழைத்தது. ஆபத்துக்கு உதவட்டும் என்று உன் எண்ணை அவரிடம் கொடுத்து வைத்திருந்தவனும் நீயே. என்ன தொலைநோக்கு!

ஆகவே தம்பி, உன் தீர்ப்பை ஏற்கிறேன். என் சாவியும் என் சன்னலோர நாற்காலியும் நினைத்தபோது நினைத்ததைத் தின்னும் என் சுதந்திரமும் உன் பரம்பரைக் கௌரவத்தின் முன் எம்மாத்திரம்? பெட்டி கட்டி வைத்துவிட்டேன். ஞாயிறு வண்டியை அனுப்பு. உன் வீட்டில் காலை உப்புமாவும் மாலை அறிவுரையும் உண்டு மீதி நாளைக் கழிக்கிறேன். நீயும் புஷ்பாவும் நீண்ட ஆயுளோடும் நல்ல ஜீரணத்தோடும் வாழ்க.

இப்படிக்கு,
அக்கா அகல்யா

பின்குறிப்பு: பெட்டியைப் பிரித்துவிட்டேன். ஆவடி குவார்ட்டர்ஸில் உனக்கு எட்டு வயதில் டைபாய்டு வந்து எலும்பும் தோலுமாய்க் கிடந்தது நினைவிருக்கும். மீன் கொடுத்தால் பையன் தேறுவான் என்றார் டாக்டர். அடுத்த வீட்டுத் தூத்துக்குடிக்காரி பஞ்சவர்ணம் அக்கா வஞ்சிரத்தை முள் நீக்கி வறுத்துப் பின்சுவர் வழியே கொடுப்பார். அம்மா அதை உன் தட்டில் வைத்துச் 'சேனைக்கிழங்கு வறுவல்' என்பாள். நீ தட்டை வழித்துவிட்டு இன்னும் கேட்பாய். உடம்பு தேறிய பிறகும் நீ கேட்டு அழுததால் அந்த 'வறுவலை' நெடுநாள் நிறுத்த முடியவில்லை. அந்த ருசியில் புஷ்பாவுக்கு ஏன் வறுவல் வருவதில்லை என்று நாற்பது வருடமாக அவளைக் குறை சொல்கிறாயே, பாவம், அவள் உண்மையிலேயே கிழங்கை வறுக்கிறாள். வண்டி வந்தால் வருகிறேன். வந்து உன் கூடத்தில் உட்கார்ந்து இதை அவளிடம் விரிவாகச் சொல்கிறேன். வண்டி வராவிட்டால் நீ மட்டும் ரயிலேறி வா. மீன் புட்டு வைத்த சாண்ட்விச் தருகிறேன். "அவனுக்குப் புத்தி வர்ற வரைக்கும் சொல்லாதே" என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். உனக்கு அறுபத்தொன்பது ஆகிறது. இனியும் காத்திருக்க எனக்கு வயதில்லை.