ஆதாரமுள்ள கறை

உலகத்தில் ஜெட் விமானம் செய்கிறவர்கள் இரண்டு வகை. பறக்க வேண்டும் என்பதற்காகச் செய்கிறவர்கள் ஒரு வகை; அவர்கள் அவசரக்காரர்கள். சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையில் உலகத்திலேயே ஏழு பேர்தான் இருக்கிறோம். ஏழு பேரும் பினாங்கில், கிரீன் லேனில், திரு. விநாசித்தம்பி அவர்களின் வீட்டுக் கார் கொட்டகையில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குக் கூடுகிறோம். நான் கௌரவச் செயலாளர் பரமநாதன்.

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசி விமானமாக்குவது எங்கள் சங்கத்தின் பணி. இதைப் 'பிள்ளை விளையாட்டு' என்று தலைவரின் மனைவி கனகேஸ்வரி அம்மையார் ஒருமுறை சொல்லிவிட்டார். அவர் மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றினோம். அந்தக் கூட்டத்துக்கும் தேநீர் அவர்தான் போட்டுக் கொடுத்தார்.

தலைவர் முப்பத்திரண்டு வருஷம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தாம் பிறந்ததையே சான்றிதழைப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டவர். ஆகவே எங்கள் முதல் விதி இது: அச்சில் வந்த படமோ போட்டோவோ இல்லாத எந்த அம்சமும் எந்த விமானத்திலும் இருக்கக்கூடாது.

1983ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஆஸ்திரேலியர்களின் மிராஜ் விமானத்தைத் தேர்ந்தெடுத்தோம். நிஜ மிராஜ்கள் எதிர்க்கரையில் அவர்கள் இருந்த பட்டர்வொர்த் விமானத் தளத்திலிருந்து கிளம்பி எங்கள் கூட்டத்தின் மேலேயே பறக்கும். சத்தத்தில் அறிக்கை வாசிக்க முடியாது. யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்துச் செய்வது எங்கள் முறையல்ல. பக்க எண் சொல்லிச் செய்வதுதான் முறை.

இங்கே தங்கராஜுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் உறுப்பினர் அல்லர், 'பார்வையாளர்'. செபராங் ஜெயாவிலிருந்து பஸ் பிடித்து, ஃபெரி ஏறி, மறுபடியும் பஸ் பிடித்து ஒன்பது ஞாயிறு வந்தார். விமானத் தளத்தில் துப்புரவுக் குத்தகைக்காரர் ஒருவரிடம் வேலை. நிஜ மிராஜ்களைத் துடைப்பவர். கொட்டகையில் நாற்காலி ஏழுதான் என்பதால், கேட்டுக்குப் பக்கத்தில் பெயிண்ட் டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்துகொள்வார். போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வரும் பார்வையாளருக்கு உறுப்பினர் அட்டை கிடைக்கும். மனிதர் அந்த அட்டைக்காகத்தான் வந்தார்.

அவர் செய்த மிராஜ் நன்றாகவே இருந்தது. ஆனால் அதன் வயிற்றில், வலது சக்கரத்துக்குப் பின்னால், சிவப்பாக ஒரு கறை ஒழுகியிருந்தது.

"இது என்ன?" என்று கேட்டார் தொழில்நுட்பத் துணைக்குழுவின் தலைவரும் அதன் ஒரே அங்கத்தினருமான சந்திரசேகரன்.

"எண்ணெய்ண்ணே. செவப்பாத்தான் ஒழுகும்."

"எண்ணெய் கறுப்பா இல்ல இருக்கும்? எந்தப் பொஸ்தகத்துல இருக்கு இது?"

"பொஸ்தகத்துல இல்ல லா, வயித்துல இருக்கு. நான் டெய்லி கீழ படுத்துத்தானே தொடைக்கிறேன்."

சந்திரசேகரன் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா சரி இல்ல."

பத்து மதிப்பெண் குறைக்கப்பட்டது. தங்கராஜு நான்காவது இடத்துக்கு இறங்கினார். மூன்றாவது இடம் சந்திரசேகரனுக்கு.

"மேல்முறையீடு பண்ணலாம்," என்றார் தலைவர் பெருந்தன்மையோடு. "ரெண்டு வாரம் டைம். போட்டோ கொண்டு வாங்க."

"கேமரா கொண்டுபோனா வேலை போயிடும்ண்ணே. கேட்டுலயே போர்டு மாட்டியிருக்கான்."

"நாங்க வற்புறுத்தல தம்பி. விதி வற்புறுத்துது."

தங்கராஜு தன் விமானத்தைத் துணியில் சுற்றினார். அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. இரக்கத்தை நான் வாயளவில் வைத்துக்கொள்பவன் அல்ல. என் சொந்தக் கேமராவைக் கொடுத்து, சாப்பாட்டுப் பாத்திரத்துக்குள் அதை எப்படி வைப்பது என்றும் சொல்லிக் கொடுத்தேன்.

இரண்டாவது ஞாயிறு படம் வந்தது. வலது சக்கரத்துக்குப் பின்னால், அவர் காட்டிய அதே இடத்தில், அதே சிவப்பு.

கொட்டகையில் கைதட்டல் எழுந்தது. சந்திரசேகரன் கண் கலங்கினார். அச்சில் வந்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத கறை எங்கள் கையில் இருந்தது. தங்கராஜு எழுந்து, "அப்ப என்னோட அட்டை?" என்று கேட்டார். முடிவுப் பட்டியலில் ஏற்கனவே கையெழுத்தாகிவிட்டதால் பத்து மதிப்பெண்ணையும் அடுத்த ஆண்டுக் கணக்கில் சேர்ப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அவருக்கு நன்றியும் தெரிவித்தோம். அது குறிப்பேட்டில் இருக்கிறது.

படத்தை லண்டனிலுள்ள ஒரு மாடல் பத்திரிகைக்கு அனுப்பினோம். ஆதாரத்தைத் தந்தவர் பெயரைச் சொல்லாமல் விடுவது அறிவுத் திருட்டு என்றார் தலைவர். நாங்கள் திருடுவதில்லை. ஆகவே, 'இப்படத்தை அன்புடன் எடுத்து உதவியவர் திரு. தங்கராஜு, துப்புரவுப் பணியாளர், இரண்டாம் ஷிப்டு, பட்டர்வொர்த் விமானத் தளம்' என்று கடிதத்தில் எழுதினோம். தட்டச்சு செய்தவன் நான். ஒரு எழுத்துப் பிழைகூடக் கிடையாது.

பத்திரிகை நான்காம் மாதம் படத்தை வெளியிட்டது. பெயரும் ஷிப்டும் வரி மாறாமல் வந்திருந்தன. விமானிகளிலும் மாடல் ஒட்டுகிறவர்கள் உண்டென்பதும், தளத்துக்கு அந்தப் பத்திரிகை மூன்று பிரதி வருகிறது என்பதும் அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. குத்தகைக்காரர் தங்கராஜுவைக் கூப்பிட்டுப் பக்கத்தைக் காட்டினார். அன்று மத்தியானமே தளத்துக்குள் நுழையும் அவருடைய பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள்.

சங்கம் சும்மா இருந்துவிடவில்லை. அவசரக் கூட்டம் கூட்டினோம். தங்கராஜுவைக் 'கௌரவிக்கும் பொருட்டு', வருகிற கண்காட்சிக்கு 'உழைப்பின் உன்னதம்' என்ற தலைப்பில் ஒரு காட்சி செய்வதென முடிவாயிற்று. கறையோடு கூடிய மிராஜ், பக்கத்தில் வாளியோடு ஒரு துப்புரவாளர். விமானம் தயார், ஆள் தயார். ஆனால் வாளி என்ன நிறம்? இரண்டு வாரம் விவாதித்தும் ஆதாரம் கிடைக்கவில்லை. என்னை நேரில் அனுப்பினார்கள்.

செபராங் ஜெயா வீட்டில் அவர் மனைவி வடிவம்மாள்தான் கதவைத் திறந்தார்.

"அவரு பாலிக் புலாவ்ல லா. டுரியான் பழத் தோட்டத்துல காவலுக்கு நிக்கிறாரு. சீசன் வரைக்கும்தான். அப்புறம் என்னன்னு தெரியல. வேலை விசயமா வந்தீங்களாண்ணே?"

"வாளி விசயமாக்கா."

"என்ன வாளி?"

விளக்கினேன். நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கான எங்கள் மாடல் அளவில் வாளியின் முக்கியத்துவத்தையும் எடுத்துச் சொன்னேன்.

"இத கேக்கவா கடல் தாண்டி வந்தீங்க?"

"ஆமாக்கா."

"பச்ச," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வடிவம்மாளின் வாக்கை வாக்குமூலமாகக் குறிப்பேட்டில் பதிந்து, வாளிக்குப் பச்சை பூசினோம். அதன் பிறகு ஆளின் முகத்துக்கு வந்தோம். அங்கேதான் சிக்கல்.

"தங்கராஜுவுக்கு மீசை உண்டா?" என்று தலைவர் கேட்டார்.

சந்திரசேகரன் உண்டு என்றார், பக்கத்திலிருந்தவர் இல்லை என்றார். மிராஜ் மூக்கில் எத்தனை ஆணி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஏழு பேர் நாங்கள். ஒன்பது ஞாயிறு அந்த மனிதர் எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார். கேமரா கொடுத்தவன் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கேமராவை வாங்கிய கை எனக்கு ஞாபகம் இருந்தது. முகம் ஞாபகம் இல்லை. அவருடைய படம் பாஸில் ஒன்று இருந்திருக்கும், அதையும்தான் வாங்கிவிட்டார்களே.

"ஆதாரம் இல்லாம மீசை வைக்க முடியாது," என்றார் தலைவர். "ஆதாரம் இல்லாம மழிக்கவும் முடியாது."

மறுநாள் கண்காட்சி; அந்த வீட்டுக்கு மறுபடி ஆள் அனுப்ப நேரமில்லை. மூன்று மணி நேரம் யோசித்து வழி கண்டோம். ஆளை விமானத்தைப் பார்த்தபடி திருப்பி, முதுகு வெளியே தெரியும்படி ஒட்டிவிட்டோம்.

கண்காட்சியில் தங்கப் பதக்கம் எங்களுக்குத்தான். நடுவர் பூதக்கண்ணாடியோடு அரை மணி நேரம் குனிந்து பார்த்தார். கறை சரி, வாளி சரி என்றார். தங்கராஜுவின் முகத்தில் அவரால் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கே நாங்கள் முகமே வைக்கவில்லை.