மகளின் பிரசவமும் நூற்றி எண்பத்திரண்டு நாளும்

தணிக்கைப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவனுக்கு ஓய்வுக்குப் பிறகு இரண்டு வியாதிகள் நிச்சயம். ஒன்று சர்க்கரை. மற்றொன்று, எல்லா விதியும் தனக்குத் தெரியும் என்ற நினைப்பு. முதலாவதற்கு மாத்திரை இருக்கிறது. இரண்டாவது முற்றிப்போய் நான் என் மகளுக்குச் செய்த காரியத்தைத்தான் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

நான் கர்நாடக அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூன்று தலைமுறையாகப் பெங்களூர்வாசிகள் நாங்கள். வீட்டில் தமிழ், ஆபீஸில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். மனைவி சரோஜா இறந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் நித்யா கனடாவில். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் நான். இரண்டு படுக்கையறை, ஒரு ஆள். நான் உயிரோடு இருக்கிறேனா என்று தவறாமல் கேட்பது பென்ஷன் தரும் கருவூலம்தான். அதுவும் வருடத்துக்கு ஒரு முறை.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஜூன் மாதத்தில் நித்யா போன் செய்தாள். “அப்பா, எனக்கு மூணு மாசம். ஒரே வாந்தி. ஜனவரி மொத வாரம் டேட் குடுத்திருக்காங்க. நீ வந்துடு. வந்துட்டு இங்கயே இருந்துடுப்பா.”

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டின் பொறுப்பு. தாய்வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது நான் ஒருவன்தான். நீண்ட நாள் தங்குவதற்கான விசாவை அவள் முன்பே எடுத்து வைத்திருந்தாள். உடனே சிவாஜிநகருக்கு ஓடினேன். நாட்டு மருந்துக் கடையில் பிரசவ லேகியத்துக்கான சரக்குகளை வாங்கி, கிளறும் முறையையும் கடைக்காரரிடமே எழுதி வாங்கிக்கொண்டேன். (“யாருக்கு சார்?” என்றார். “எனக்குத்தான்” என்று சொல்லிவிட்டேன். பதற்றம்.) ஜூன் இருபதாம் தேதி விமானம் ஏறினேன். திரும்பும் டிக்கெட் மார்ச் கடைசியில். அதைக்கூட கேன்சல் செய்துவிடலாம் என்றாள் நித்யா.

அங்கே கோடை அழகாகத்தான் இருந்தது. மகளுக்கு ரசம் வைத்தேன், மாப்பிள்ளை கார்த்திக்குக்கு இட்லி வார்த்தேன். காலை எட்டு மணிக்கு இருவரும் வேலைக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் திரும்புவார்கள். நடுவில் இருக்கும் பத்து மணி நேரமும் எனக்கும் ஜன்னலுக்கும். தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது. பகலில் அந்த வீட்டில் என்னோடு பேசியது புகை அலாரம் ஒன்றுதான், அதுவும் நான் தாளிக்கும்போது. நவம்பர் பிறந்ததும் மாலை நாலரைக்கே இருட்ட ஆரம்பித்தது. பெங்களூரில் தனியாக இருந்தேன் என்றால் அது என் தனிமை, அதற்கு நான் பழகியிருந்தேன். இது அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்திருக்கும் தனிமை. மகள் வீடு எப்படி அடுத்தவர் வீடாகும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மூர்த்தி போன் செய்தார். என் பழைய செக்‌ஷனில் பக்கத்து மேஜைக்காரர். கன்னடக்காரர், ஆனால் என்னோடு பேசும்போது தமிழைப் பாடாய்ப் படுத்துவார்.

“நோட்ரீ, பாருங்க, நீங்க அங்கயே இருந்துட்டா பென்ஷன் மேல டேக்ஸ் வரும் கண்ரீ.”

“எனக்கு ஏது டேக்ஸ்? ரிபேட்ல எல்லாம் கழிஞ்சு போகுதே!”

“அல்லே இரோது விஷயா! அங்கதான் இருக்கு விஷயமே. ரிபேட் இங்க இருக்கறவங்களுக்கு மட்டும்தான். வருஷத்துல நூத்தி எண்பத்திரண்டு நாள் இந்தியாவுல இல்லேன்னா நீங்க என்ஆர்ஐ. ரிபேட் கட். ஆறு மாசம் தாண்டினா கனடாக்காரனும் கேப்பான். ரெண்டு கடே, ரெண்டு பக்கமும் ஓட்டை.”

போனை வைத்ததும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த தணிக்கையாளன் எழுந்து உட்கார்ந்தான். நிதியாண்டு ஏப்ரல் ஒன்றில் தொடங்குகிறது. ஏப்ரலில் முப்பது, மேயில் முப்பத்தொன்று, ஜூனில் இருபது. ஆக எண்பத்தொன்று. மீதி நூற்றியொன்று. லீப் வருடம் என்பதால் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது என்று வைத்து, மார்ச் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். ஒரு நாள் முன்ஜாக்கிரதையையும் சேர்த்து, டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி நான் பெங்களூரில் கால் வைத்தாக வேண்டும் என்று வந்தது. நான் போட்ட கணக்கில் என்றைக்குமே பிழை இருந்ததில்லை. (இந்த வாக்கியத்தை சரோஜா கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள்.)

இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னேன். நித்யா தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

“டேக்ஸ் எவ்வளவுப்பா வரும்?”

“பதினாறாயிரத்துச் சொச்சம்.”

“டாலரா?”

“ரூபா.”

கார்த்திக் தண்ணீர் டம்ளரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். நித்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“அதை நான் தர்றேன்பா. நீ இரு.”

“பணம் இல்லம்மா விஷயம். ரூல்னு ஒண்ணு இருக்கில்ல?”

“டிக்கெட்ட மாத்த எவ்வளவு ஆகும்?”

ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன். அறுபத்தெட்டாயிரம் ஆகியிருந்தது. ஆம், ஆகியிருந்தது. மத்தியானமே மாற்றிவிட்டேன்.

விமான நிலையத்துக்கு அவளும் வந்தாள். நிறைமாதம் நெருங்கிய வயிறு, அதற்கு மேல் பொத்தான் போட முடியாத குளிர் கோட்டு. “லேகியம் ஃப்ரிட்ஜ்ல ரெண்டாவது தட்டுல இருக்கு, பெத்து மூணாம் நாள்லேர்ந்து சாப்பிடு” என்றேன். “சரிப்பா” என்றாள். “பூண்டுக் குழம்புக்கு எண்ணெய் குறைக்காதே” என்றேன். அதற்கும் “சரிப்பா.” அவள் ஒருமுறைகூட ‘போகாதே’ என்று சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டு நான் உள்ளே போனேன்.

டிசம்பர் இருபத்தொன்று காலை வீட்டைத் திறந்தேன். ஆறு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை. அரை லிட்டர் பால் வாங்கி, பாதியைக் கொட்டினேன். சுவரில் இருந்த காலண்டரில் அன்றைய தேதியைச் சிவப்பு மசியால் வட்டமிட்டேன். அதன் பிறகு தினமும் ஒரு வட்டம். இதுதான் எனக்கு உத்தியோகம். நான் இங்கே இருப்பதால் யாருக்காவது பயன் உண்டு என்றால் அது வருமான வரித்துறைக்குத்தான் என்று பெருமையாகக்கூட இருந்தது. அதுவும் தவறு, அவர்களுக்கு நஷ்டம்தான்.

ஜனவரி முதல் வாரம், ஒரு மத்தியானம். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது கார்த்திக் வீடியோவில் அழைத்தார். “மாமா, பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.” போனை நித்யாவிடம் நீட்டினார். நெற்றியில் ஒட்டிய ஈரமுடி, வெளுத்த உதடு. “அப்பா” என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு போன் எங்கோ வைக்கப்பட்டு எனக்கு ஆஸ்பத்திரியின் கூரை மட்டும் தெரிந்தது. இரண்டு நிமிடம் அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழைப்பைத் துண்டிக்க மனம் வரவில்லை.

பேத்தி பிறந்தால் இனிப்பு கொடுக்க வேண்டாமா? ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்து மூன்று மாடியிலும் கதவு கதவாக மணி அடித்தேன். மத்தியானம் இரண்டு மணிக்குப் பெங்களூரில் யார் வீட்டில் இருப்பார்கள்? ஒரு கதவுக்குப் பின்னால் நாய் குரைத்தது. கடைசியில் வாசல் காவலாளிக்கு நாலு, யாருக்கோ சாப்பாடு கொண்டுவந்த டெலிவரிக்காரருக்கு இரண்டு. “கங்கிராட்ஸ் அங்கிள்” என்று அவர் கைகுலுக்கினார். அந்தக் கையை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். அவரோ மணி பார்த்துக்கொண்டே ஓடிவிட்டார்.

மிச்சத்தை எடுத்துக்கொண்டு சிவாஜிநகருக்கு பஸ் ஏறினேன். துணிக்கடைக்கு மேல்மாடியில் என் ஆடிட்டரம்மாவின் ஆபீஸ். நாற்பது வயதிருக்கும், பெயர் ஃபாத்திமா. வருடா வருடம் எனக்கு ரிட்டர்ன் போடுபவர். இனிப்பு ஒரு சாக்கு. நான் போட்ட நாள் கணக்கை விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டி ஒரு சபாஷ் வாங்க வேண்டும், அவ்வளவுதான். கோடு போட்ட தாள், போர்டிங் பாஸ்கள், காலண்டரின் நகல் எல்லாம் ஃபைலில் தயார். நாற்காலிகளில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்துவிட்டு ஃபைலை நீட்டினேன்.

அவர் வாயில் இனிப்போடு தாளைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

“சார், ஜூன்லதானே போனீங்க?”

“இருபதாம் தேதி. எண்பத்தொரு நாள் முடிச்சிட்டுப் போனேன்.”

“அதுக்கு முன்னாடி நாலு வருஷம்?”

“இங்கதான் இருந்தேன். எங்க போவேன்?”

“அப்பறம் எதுக்கு சார் திரும்பி வந்தீங்க? முன்னாடி நாலு வருஷத்துல முன்னூத்தி அறுபத்தஞ்சு நாள் இங்க இருந்தவருக்கு இந்த வருஷம் அறுபது நாள் இருந்தாலே போதும், ரெசிடெண்ட்தான். மே முப்பதாம் தேதியே உங்களுக்கு முடிஞ்சு போச்சு.”

“நூத்தி எண்பத்திரண்டு?”

“அது வேலைக்குன்னு வெளிநாடு கெளம்பறவங்களுக்கு, அங்கயே செட்டிலாயிட்டு இங்க வந்துட்டுப் போறவங்களுக்கு. நீங்க வேலைக்கா போனீங்க? பொண்ணைப் பாக்கப் போனீங்க. மார்ச் வரைக்கும் அங்கயே இருந்திருந்தாலும் ரிபேட் வந்திருக்கும். அங்கயே தங்கணும்னா அடுத்த வருஷத்துலேர்ந்துதான் யோசிக்கணும். அதுக்கும் ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கு, ஒரே பென்ஷனுக்கு ரெண்டு பேரும் முழுசா பிடுங்க மாட்டாங்க. ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேனே சார்!”

காத்திருந்தவர்களில் ஒரு அம்மாள் விரலை நக்கிக்கொண்டே கேட்டார். “இந்த ஸ்வீட்டு எதுக்குங்க?”

“என் பொண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கு.”

“எங்க?”

“கனடாவுல.”

“எப்ப?”

“இன்னிக்கு.”

அவர் என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப நீங்க இங்க என்னங்க பண்றீங்க?” என்றார். கிண்டல் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். முப்பத்து நான்கு வருடத்தில் நான் எத்தனையோ அதிகாரிகளிடம் விளக்கம் கேட்டு மெமோ எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு கேள்வியை எழுத எனக்கு வந்ததில்லை.

பஸ் நிலையத்தில் மூன்று பஸ்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மூர்த்தியைத் திட்டலாமா என்று யோசித்தேன். அவர் மேல் என்ன தப்பு? போன் வந்தபோது எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்ததே, அதை அவரா கொடுத்தார்? சரோஜாவின் கடைசி பதினோரு நாளும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருக்கிறேன். மகள் உள்ளே வலியில் கத்த, இன்னொரு வராந்தாவில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. போகிறேன் என்று சொல்ல வெட்கம். எண்பத்தொன்று, நூற்றியொன்று என்று எழுதினால் வெட்கம் இல்லை. பயந்தாங்கொள்ளிகளுக்காகவே சட்டம் எழுதியவர்கள் இத்தனை உட்பிரிவு வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து நித்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறுபது நாள் விதியையும், வராந்தாவையும். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். “அய்யோ வேணாம்பா, தையல் வலிக்குது” என்று சிரித்தாள். அந்தச் சத்தம் எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. போனில் அதெல்லாம் சரியாகக் கேட்பதில்லை.

டிக்கெட் விலை எகிறியிருந்ததால் என்னால் ஏப்ரலில்தான் திரும்பப் போக முடிந்தது. பத்திய நாள் முடியும்வரை தினமும் நான் இங்கே அடுப்பில் செய்து காட்ட, கார்த்திக் அங்கே பார்த்துப் பார்த்துப் பத்தியச் சமையல் செய்தார். செய்து காட்டியதை வீணாக்க மனமில்லாமல் நானே சாப்பிட்டேன். பூண்டுக் குழம்பு, சுக்குக் கஷாயம், அங்காயப் பொடி. நாற்பது நாள் பிரசவப் பத்தியம் இருந்த ஒரே ஓய்வு பெற்ற ஆண் அரசு ஊழியன் கர்நாடகத்தில் நானாகத்தான் இருப்பேன். உடம்பு நன்றாகவே தேறியது, சர்க்கரைகூடக் குறைந்தது.

இப்போது பேத்திக்கு இரண்டு வயது. வருடத்தில் பாதி அங்கே, பாதி இங்கே என்று இருக்கிறேன். பயணத் தேதிகளை ஃபாத்திமாவிடம் கேட்டுத்தான் போடுகிறேன். போன மாதம் நித்யா வீட்டில் ஒரு விருந்து. புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் வந்திருந்தன. வருகிறவர்களிடம் என்னை எப்படி அறிமுகம் செய்வாளோ அப்படியே அன்றும் செய்தாள்.

“இவர்தான் எங்கப்பா. என் பிரசவத்துக்குன்னு ஆறு மாசம் முன்னாடியே வந்தவரு. பிரசவத்தன்னைக்கு மட்டும் லீவு போட்டுட்டாரு.”

கார்த்திக் வழக்கம்போல மே முப்பதாம் தேதிக் கதையை எடுத்து விட்டார். ஃபாத்திமா மாதிரியும் அந்த அம்மாள் மாதிரியும் குரல் மாற்றிப் பேசினார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நன்றாகவே சிரித்தேன். நித்யாவும் சிரிப்பாள். ஆனால் எத்தனை முறை இந்தக் கதையைச் சொன்னாலும் சிரிப்பை முதலில் நிறுத்துகிறவள் அவள்தான்.