அந்தப் பக்கம் போன ஆன்ட்டி

பேய்க்கதை எழுதுகிறவர்களுக்குப் பேய் என்றால் பயம் என்று நினைக்கிறீர்களா? கிடையாது. எங்களுக்குப் பேய் மேல் இருப்பது ஆசை. ஒரு தடவையாவது ஒன்றைப் பார்த்துவிட மாட்டோமா, அதுவும் கொஞ்சம் லட்சணமாக, கொஞ்சம் சோகமாக, நம்மிடம் மட்டும் மனம் திறந்து பேசுகிற ஒன்றாக, என்று ஏங்கிக்கொண்டேதான் எழுதுகிறோம். அந்த ஏக்கம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் என் மானத்தை வாங்கியது.

அப்போது நான் ஆங் மோ கியோவில் அப்பா அம்மாவுடன் இருந்தேன். பகலில் பல் மருத்துவரிடம் வரவேற்பாளர் வேலை. ரயிலில் போகும்போதும் வரும்போதும் கைப்பேசியில் ரத்தக்காட்டேரிக் காதல் குறுநாவல். (நாள் முழுக்கக் கோரைப்பற்களுக்கு நடுவில் இருந்தால் வேறு என்ன எழுத வரும்?) என் நாயகன் லிட்டில் இந்தியாவில், பூமாலைக் கடைக்கு மேல்மாடியில், ஒரு பழைய பேய் வீட்டில் வசித்தான். வெளிறிய முகம், நீண்ட விரல்கள், முந்நூறு ஆண்டுத் தனிமை. வெயில் பட்டால் சாம்பலாகிவிடுவான். அவனுக்கு நான் வைத்த பெயர் ஆதவன். இணையத்தில் தொடராகப் போட்டுப் பாதிக் கதை தாண்டிய பிறகுதான் ஒரு வாசகி கேட்டாள்: "அக்கா, ஆதவன்னா சூரியன்தானே?" பூண்டு வாசனையும் அவனுக்கு ஆகாது என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் பிரியாணிக் கடை. அவன் முந்நூறு ஆண்டு உயிர் வாழ்ந்ததே அதிசயம்.

நிஜத்தில் எனக்குக் கிடைத்தவன் முகிலன். மின்தூக்கி பழுது பார்க்கும் பொறியாளர். சிங்கப்பூரில் ஒருவன் "வீடு பார்க்கலாமா?" என்று கேட்டால் அதுதான் காதலைச் சொல்லும் முறை. முகிலனும் அப்படித்தான் கேட்டான், நானும் வெட்கப்பட்டுத் தலையாட்டினேன். ஆனால் பார்த்த வீடெல்லாம் கைநழுவிப் போயின. சாவி கைக்கு வந்த பிறகுதான் தாலி என்று அவன் அம்மா சொல்லிவிட்டார். உட்லண்ட்ஸ் வீடும் போனால் கல்யாணம் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும். முகிலன் ரயிலில் என்னிடம் கெஞ்சினான்.

"வீட்டுக்காரர்கிட்ட நல்லாப் பேசு. பேய் கதை மட்டும் எடுக்காத, ப்ளீஸ்."

"நான் ஏன் எடுக்கப் போறேன்?" என்றேன். நானாக எடுக்கவில்லை என்பதை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மழை விட்டிருந்தது. அடுக்குமாடி புளோக்கின் மேல்மாடியில் கடைசி வீடு. நடைபாதை முழுக்க ஈரமான மஞ்சள் வெளிச்சம், எங்கிருந்தோ சம்பங்கி வாசனை. (பாத்ரூம் கழுவும் திரவம் என்று பிறகு தெரிந்தது.) கதவைத் திறந்த ஜமால் அங்கிள் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலியில் இருந்தார். ஏஜெண்ட் வைக்காமல் அவரே விற்றுக்கொண்டிருந்தார். கூடத்து விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டியது. என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. இப்படி ஒரு வீட்டில்தான் நான் வாழ வேண்டும் என்று தோன்றியது.

முகிலன் நேரே கழிவறைக்குப் போய்த் தண்ணீர் இழுத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தான். நான் கூடத்தில் உட்கார்ந்தேன். மேசையில் இரண்டு கப் தேநீர். ஒன்று பாதி குடித்தது, இன்னொன்று தட்டு போட்டு மூடியது. ஜன்னலுக்கு வெளியே கடல், கரைந்துபோன வானம், தூரத்தில் மங்கலாகச் சில விளக்குகள். பேசாமல் இருந்திருக்கலாம்.

"ஆன்ட்டி இல்லையா, அங்கிள்?"

அவர் ஜன்னலையே பார்த்தார். "அவங்க அந்தப் பக்கம் போயிட்டாங்கம்மா."

"எப்படி, அங்கிள்?"

"மக முதல்ல போனா. அவளை விட்டு இருக்க முடியலன்னு இவங்களும்." கையை விரித்தார். "என்ன சொல்றது லா."

"அப்ப இந்த டீ?"

"அவங்களுக்குத்தான். இருட்டுனதும் வந்துடுவாங்க."

எழுதி எழுதித் தவம் கிடந்தது வீண்போகவில்லை என்று நினைத்தேன். இறந்த மனைவிக்குத் தேநீரை மூடி வைத்துக் காத்திருக்கும் கணவர். இந்தக் காதலுக்கு முன்னால் என் ஆதவன் எம்மாத்திரம்? கண்ணீர் வந்துவிட்டது.

"தினமும் வருவாங்களா?" என்றேன் மெதுவாக.

"தினமுந்தான். வெள்ளிக்கிழமைன்னா லேட்டாகும். கூட்டம்."

"கூட்டமா?"

"எல்லாரும் ஒரே நேரத்துல திரும்புனா? பொறுக்க முடியாம சில பேரு எறங்கி நடந்தே வந்துடுவாங்க."

கடல் மேல் சாரி சாரியாக அவர்கள் நடந்து வருவது எனக்குத் தெரிந்தது. அதை அப்படியே எழுத வேண்டும் என்று மனசுக்குள் வாக்கியம்கூட அமைத்துவிட்டேன். அப்போதுதான் அங்கிள் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"நானும் அந்தப் பக்கமே போயிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். அதான் வீட்டை விக்கிறேன். எனக்கும் சேத்து எடம் பாத்து வச்சுட்டாங்க. சுத்தி மரம், அமைதியா இருக்கும்."

கற்பனையெல்லாம் ஒரு நொடியில் கலைந்தது. இவர் சாகப் போகிறார், அந்த வீட்டை நாங்கள் வாங்குகிறோம். பேய்க்கதை எழுதலாம், ஒரு மனிதரைப் பேயாக்கிவிட்டுக் குடியேற முடியுமா?

"வேணாம் அங்கிள். அவசரப்பட்டு முடிவு எடுக்காதீங்க. இந்தப் பக்கம் உங்களுக்கு வேண்டியவங்க இருக்காங்க."

"யாரு இருக்கா?"

"நாங்க இருக்கோம்," என்றேன். (அறிமுகமாகிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.)

அவர் குழம்பிப் போனார். "அப்ப உங்களுக்கு வீடு வேணாமா?"

"வேணாம் அங்கிள். நீங்க இங்கயே இருங்க."

கழிவறைக் கதவு திறந்தது. முகிலன் முகத்தில் தெரிந்த பீதியை என் எந்தக் கதையிலும் எழுத முடிந்ததில்லை. அவன் வாய் திறப்பதற்குள் வாசல் கதவும் திறந்தது. வெள்ளை முக்காடு, ஈரம் சொட்டும் புடவை, சோர்ந்த முகம். சத்தமில்லாமல் ஓர் உருவம் உள்ளே வந்தது.

பயந்து ஓடியிருந்தால் கௌரவமாகப் போயிருக்கும். நான் எழுந்து போய் எதிரே நின்றேன். குரலைத் தாழ்த்தி, என் கதைகளில் நாயகிகள் பேசுவதுபோல் பேசினேன்: "ஆன்ட்டி, உங்களுக்கு என்ன குறை இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. அங்கிளை விட்டுடுங்க. நிம்மதியாப் போங்க."

சொல்லிவிட்டு, விரல் உள்ளே போகிறதா என்று அவர் புஜத்தில் ஒரு குத்து குத்தினேன். போகவில்லை. கை மெத்தென்று, கதகதப்பாக இருந்தது.

"யா அல்லா," என்றார் சுபைதா ஆன்ட்டி. "மூணு மணி நேரம் ஜாம்ல நின்னு, மழையில நனைஞ்சு இப்பதானே வந்தேன். திரும்ப எங்க போகச் சொல்றா இந்தப் பொண்ணு?" அவர் கையிலிருந்த பையில் மீன் வாசனை அடித்தது.

ஜமால் அங்கிள் ஜன்னலுக்கு வெளியே, கடலுக்கு அப்பால் தெரிந்த விளக்குகளைக் காட்டினார். "அந்தப் பக்கம்னா ஜேபிம்மா."

உட்லண்ட்ஸ்காரர்களுக்குப் பாலத்தைத் தாண்டினால் மலேசியாவின் ஜொகூர் பாரு, சுருக்கமாக ஜேபி, அதாவது அந்தப் பக்கம். மகள் கல்யாணமாகி அங்கே போனவள். பேரக்குழந்தையைப் பார்க்க ஆன்ட்டி தினமும் போய் வந்துகொண்டிருந்தார். அங்கேயே வீடும் பார்த்துவிட்டார். இதெல்லாம் ஆங் மோ கியோ அறிவாளிக்கு எப்படித் தெரியும்? தரை பிளந்து என்னை விழுங்காதா என்று நின்றேன். பதினோராவது மாடியில் தரை பிளந்தால் கீழ்வீட்டுக்குத்தான் போயிருப்பேன்.

விஷயம் புரிந்ததும் ஆன்ட்டி சோபாவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுநாள் வேறு ஒரு ஜோடி பார்க்க வருவதாக இருந்தது. அங்கிள் அவர்களுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார்.

"வீடு இந்தப் பொண்ணுக்குத்தான். நான் போறேன்னு சொன்னதுக்கு எல்லாரும் சரின்னாங்க. போகாதன்னு அழுதது இது ஒண்ணுதான்."

அப்படித்தான் எனக்குச் சாவியும் தாலியும் கிடைத்தன. அவர்கள் ஜொகூர் போன பிறகு நாங்கள்தான் அவர்களுக்கு அந்தப் பக்கம். பெரும்பாலான வெள்ளிக்கிழமைகளில் அங்கிள் பழைய நண்பர்களோடு இங்கே தொழுதுவிட்டு, எங்கள் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுப் போவார். "பேய் வந்திருக்கேன்மா" என்பார் வாசலில் நின்று.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ஆன்ட்டி போன் செய்தார்.

"அங்கிள் அந்தப் பக்கம் போயிட்டாங்கம்மா."

"அப்படியா ஆன்ட்டி? இன்னைக்குக் கூட்டமா இருக்குமே. லேட்டானாலும் பரவால்ல, டீ போட்டு மூடி வைக்கிறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் விசும்புவது எனக்குக் கேட்டது. இந்தத் தடவை அது பாலத்தைத் தாண்டிய பக்கம் இல்லை என்று புரிந்தது. ஆன்ட்டி அழுகைக்கு நடுவில் சிரித்தார். "வேற வார்த்தை வாயில வரலம்மா. நீ டீ போட்டு வை."

வைக்கிறேன். இத்தனை பேய்களை எழுதியிருக்கிறேன், நிஜமாகவே வந்தால் தேவலை என்று நான் நினைப்பது அவர் ஒருவரைத்தான். வெள்ளிக்கிழமை இருட்டியதும் முகிலன் ஜன்னலோரம் நின்று பாலத்தைப் பார்ப்பான். பிறகு திரும்பி, மேசையில் மூடியிருக்கும் கப்பைப் பார்த்து, "ஜாம் போல," என்பான்.