பொட்டலம் அண்ணனும் ‘அப்புறம்’ மச்சானும்

செஞ்சிக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்பது பொய். பாதிப் பேர் பொட்டலத்தைப் பார்க்க வந்தார்கள். வந்ததற்குக் கோட்டையையும் ஒரு நடை பார்த்துவிட்டுப் போனார்கள். கோட்டைக்கு டிக்கெட் உண்டு. பொட்டலத்துக்குக் கிடையாது.

பொட்டலம் என்பது ஆள். மல்லாட்டை வறுத்து விற்பவர். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே என் பஞ்சர் கடை. கடையை ஒட்டி அவருடைய தள்ளுவண்டி. இருபது வருஷம் பக்கத்தில் பக்கத்தில். அவர் பேசுவார். நான் டியூபைத் தண்ணீரில் முக்குவேன். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. வேறு எங்கும் இல்லை.

மல்லாட்டையைப் பழைய பேப்பரில் கூம்பாகச் சுருட்டித் தருவார். சுருட்டுவதற்கு முன்னால் அந்தத் துண்டில் இருக்கும் செய்தியைப் படிப்பார். படித்ததும் ஒரு ஜோக் வரும். அதற்குப் பிறகுதான் மல்லாட்டை. பஸ் கிளம்பினாலும் சரி, ஜோக் முடியாமல் பொட்டலம் கைக்கு வராது. கண்டக்டர்கள் விசில் ஊதிக் களைத்துப்போவார்கள்.

“‘நாளை கனமழை’ன்னு போட்டுக்கிறான். பேப்பரு போன ஆடி மாசத்துது. அந்த நாளைக்கு இன்னும் வந்துக்கினே இருக்குது.”

திண்டிவனம் பஸ் மொத்தமும் சிரிக்கும். டிரைவரும் சிரிப்பார்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கள் தெருக்காரர் ஒருவர் குடித்துவிட்டு, ஆட்டோ என்று நினைத்துப் போலீஸ் ஜீப்பில் ஏறி, “மார்க்கெட்டுக்கு வுடுப்பா” என்று சொன்ன செய்தி ஒருநாள் பேப்பரில் வந்திருந்தது. ஜோக் சொல்லச் சொல்லி எல்லாரும் கேட்டோம். பொட்டலம் அந்தத் துண்டைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

“அவன் நாளைக்கு மல்லாட்ட வாங்க வருவான்டா. வாங்க வர்றவனப் பத்திப் பேசக் கூடாது. வராதவனப் பத்தித்தான் பேசணும். மந்திரி வரமாட்டான். அவனப் பத்தி எவ்ளோ வேணா கேளு.”

ஊரே சிரித்தது. ஒரே ஒரு ஆள் சிரித்ததில்லை. அவர் மச்சான். பொட்டலத்தின் சம்சாரத்துக்கு அண்ணன். வல்லம் பக்கம் விவசாயம். வாரம் ஒரு மூட்டை மல்லாட்டையை மொபெட்டில் கட்டிக்கொண்டு வருவார். பொட்டலம் அவரை மச்சான் என்று கூப்பிட்டதால் பஸ் ஸ்டாண்டில் எல்லாருக்குமே அவர் மச்சான்தான்.

மூட்டையை இறக்கியதும் பொட்டலம் அந்த வாரத்தின் நல்ல ஜோக்கை எடுத்து வைப்பார்.

“மச்சான், இத்தக் கேளு. ‘திறப்பு விழாவுக்கு முன்பே பாலத்தில் விரிசல்’னு போட்டுக்கிறான். மந்திரி வர்ற வரிக்கும் பொறுக்காம பாலம் தானாவே தொறந்துக்கிச்சாம்!”

மச்சான் கவனமாகக் கேட்பார். கேட்டுவிட்டு, “அப்புறம்?” என்பார்.

“அப்புறம் இன்னா அப்புறம்? அவ்ளோதான் மச்சான்.”

“வண்டி போகுதா இல்லியா?”

பொட்டலம் கரண்டியால் தன் தலையிலேயே தட்டிக்கொண்டு என் பக்கம் திரும்புவார். “டேய் தம்பி, செத்தா இந்த ஆளு சிரிச்சதப் பாத்துட்டுதான்டா சாவணும்.” மச்சான் அதையும் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை அப்படி நிற்கும்போது அவர் செருப்பு வார் அறுந்தது. டியூபிலிருந்து சிவப்புத் துண்டு ஒன்று வெட்டி நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

கோட்டை பார்க்க வந்த யாரோ பொட்டலத்தைச் செல்லில் வீடியோ பிடித்து நெட்டில் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்து ஒரு டிவியிலிருந்து கூப்பிட்டார்கள். நான்கு காமெடியன்கள் மேசை போட்டு உட்கார்ந்து வாரச் செய்திகளைக் கிண்டல் செய்கிற நிகழ்ச்சி. வியாழக்கிழமை எடுப்பார்கள். ஞாயிறு சாயங்காலம் போடுவார்கள். ஐந்தாவது நாற்காலி ஒன்று போட்டு இவரை உட்கார வைத்தார்கள்.

முதல் வாரம் டீக்கடையில் நாங்கள் நாற்பது பேர் பார்த்தோம்.

“எலெக்சன் வாக்குறுதியும் மல்லாட்டையும் ஒண்ணு. ஓடு பெருசா இருக்குது. ஒடச்சா உள்ள சொத்த” என்றார் பொட்டலம்.

அங்கே யாரும் சிரிக்கவில்லை. நிகழ்ச்சியை நடத்துகிற கோட்டுக்காரர், “மல்லாட்டைன்னா?” என்றார்.

“மல்லாட்டைன்னா மல்லாட்டதான்.”

“தமிழ்ல சொல்லுங்க சார்.”

“தமிழ்லதான்யா சொன்னேன்!”

அதற்கு இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். டீக்கடையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் டம்ளரை நங்கென்று வைத்தார். “மல்லாட்ட தெரியாதவன்லாம் இன்னாத்த ஜோக்கு சொல்றான்?”

அடுத்த வாரம், “தமிழ்லதான்யா சொன்னேன்” என்று அட்டையில் எழுதிக் கொடுத்துத் திரும்பவும் சொல்லச் சொன்னார்களாம். சொல்லிவிட்டு வந்தார். வந்ததும் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நாலு பேரும் நல்லவங்கதான்டா. ஆனா கேமரா நின்னா சிரிப்பும் நின்னுடுது, கொழாய மூடுன மாதிரி. ஆளாளுக்கு செல்லுல மூஞ்சியப் பொதச்சிக்கிறாங்க. ஜோக்கு எழுதித் தர்றதுக்குத் தனியா ஆளு. சிரிக்கச் சொல்லி அட்ட தூக்கறதுக்குத் தனியா ஆளு. அந்த அட்டைய ஒண்ணு கேட்டு வாங்கினு வந்துருக்கலாம். மச்சானுக்குக் காட்ட.”

“மச்சான் டிவில பாத்தாரா?” என்று கேட்டேன்.

“அந்த நேரத்துல பால் கறப்பாரு. டிவி பக்கமே வரமாட்டாரு.”

மூன்றாவது வாரம். வியாழக்கிழமை விடியற்காலையே பொட்டலம் சென்னை பஸ் ஏறிவிட்டார்.

அன்று காலை மச்சான் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினார். அரசு கொள்முதல் நிலையத்தில் விற்கக் கொண்டுபோய்க் குவித்த நெல்லை யாரும் எடை போடவில்லை. மழையில் நனைந்து குவியலிலேயே முளைத்துவிட்டது. அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டார். நாளைக்கு வா என்றார்களாம். நேராகப் போய் ஊர்த் தொட்டியின் ஏணியில் ஏறிவிட்டார். வாயே திறக்காத மனுஷன். ஏறும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்தது. போலீஸ் வந்து இறக்கியது. எனக்குப் பத்து மணிக்குச் சேதி வந்தது. பொட்டலத்துக்கு மூன்று முறை போன் அடித்தேன். அவர் சம்சாரமும் அடித்தது. அங்கே வாசலிலேயே செல்லை வாங்கி வைத்துவிடுவார்கள்.

மச்சான் தொட்டி மேல் உட்கார்ந்திருக்கும் படம் அதற்குள் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கீழேயிருந்து எடுத்த படம். தொங்குகிற இரண்டு கால், ஒரு செருப்பு. முகம் இல்லை. பேரும் போடவில்லை. விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் அடிக்கிறது என்று பொட்டலத்தின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். அவருக்குத் திரையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவ்வளவுதான்.

“உங்க ஊர் ஆளு சார். தொட்டி மேல ஏறிட்டாரு. ஒத்தச் செருப்போட” என்றார் கோட்டுக்காரர்.

பொட்டலம் யோசிக்கவே இல்லை.

“இன்னொரு செருப்பு பாதி வழியிலியே ‘நா வரலப்பா’ன்னு எறங்கிடுச்சி. செருப்புக்கு இருக்கிற புத்தி அந்தாளுக்கு இல்ல!”

அட்டை தூக்காமலே சிரித்தார்களாம். நான்கு பேரும் மேசையைத் தட்டினார்களாம்.

வெளியே வந்து செல்லை வாங்கினார். சம்சாரம் போனில் சேதி சொன்னது. அப்படியே திரும்பி உள்ளே ஓடினார். அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடச் சொல்லிக் கேட்டார். இந்த வாரத்திலேயே அதுதான் சார் பெஸ்ட் என்று தோளில் தட்டி அனுப்பினார்கள். அந்த நான்கு பேரில் இருந்த காமெடிப் பெண் அவருக்காக இரண்டு பேரிடம் போய்ப் பேசியது. நடக்கவில்லை. பஸ் ஏற்றிவிட அதுவும் கூட வந்ததாம்.

“எங்கப்பாவ வெச்சி நா சொன்ன ஜோக்குலதான் எனக்கு அந்தச் சேர் கெடச்சிதுண்ணா. அவரு எங்கூடப் பேசி ரெண்டு வருசம் ஆச்சி” என்றதாம்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் பொட்டலம் வண்டி எடுக்கவில்லை. வல்லத்துக்குப் போய் முன்னாடியே சொல்லிவிடுங்கள் என்றேன். “எப்பிடிடா சொல்லுவேன்?” என்றார். ஞாயிறு மத்தியானம் கேபிள்காரரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

“மச்சான் ஊரு லைன மட்டும் ஒரு மணி நேரம் புடுங்கி வுட்ருப்பா.”

“அண்ணே, ஞாயித்துக்கெழமண்ணே. ஜனம் வந்து ஒதைக்கும்.”

“எம் பேரச் சொல்லு. என்ன வந்து ஒதைக்கட்டும்.”

கேபிள்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். சரி என்றார். சொன்னபடி செய்தார்.

நிகழ்ச்சி ஓடியபோது பொட்டலம் என் கடைக்குள் டயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். டீக்கடை டிவி அங்கிருந்தே தெரியும். படம் வந்தது. செருப்பில் சிவப்பு டியூப் துண்டு. நான் தைத்தது. பொட்டலம் இப்போதுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் பார்த்தார். ஜோக்கும் வந்தது. டீக்கடையில் சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டும் சிரித்தார்கள். நல்ல ஜோக். அதுதான் கஷ்டம்.

முடிந்ததும் பொட்டலம் மூச்சு விட்டார். மூன்று நாளில் முதல்முறையாக, “ஒரு டீ சொல்டா” என்றார்.

டீ வருவதற்குள் சம்சாரம் போன் அடித்தது. மச்சான் ஊரில் கேபிள் நின்றுபோனதும் தெருவே வெளியே வந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுக்காரர் செல்லில் அந்த நிகழ்ச்சியைப் போட்டாராம். எல்லாரும் சுற்றி நின்றார்களாம். இன்னா கூட்டம் என்று பால் சொம்போடு மச்சானும் வந்து எட்டிப் பார்த்தாராம்.

கேபிளை அறுக்காமல் இருந்திருந்தால் அவர் பால்தான் கறந்துகொண்டிருப்பார்.

“இன்னா சொன்னாராம்?” என்று பொட்டலம் கேட்டார்.

 அந்தம்மா குரல் எனக்கே கேட்டது.

“முழுசாப் பாத்துச்சாம். பாத்துட்டு, ‘அப்புறம்?’னு கேட்டுச்சாம்.”

டீ ஆறிப்போனது.

பொட்டலம் அதற்குப் பிறகு டிவிக்குப் போகவில்லை. கூப்பிட்டார்கள், போனை எடுக்கவில்லை. அந்த வாரம் மூட்டை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கடைத்தெருவில் மல்லாட்டை வாங்கி வறுத்தார். பேப்பரை விட்டுவிட்டார். நோட்டுக் கடையில் வெள்ளைத் தாள் வாங்கி வெட்டி அதில் சுருட்டினார். அதில் படிக்க ஒன்றும் இல்லை. திண்டிவனம் பஸ் இப்போது நேரத்துக்குக் கிளம்பியது. “இன்னாண்ணே, நூஸு இல்லியா?” என்று கேட்ட கண்டக்டர்கள் பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வல்லத்துக்குப் போய்வந்தார்.

“இன்னா ஆச்சிண்ணே?”

“சோறு போட்டாரு. சாப்ட்டேன். செருப்ப வாங்கிப் பரண்ல வெச்சாரு. ‘பஸ்ஸுக்கு நேரமாச்சி, கெளம்பு’ன்னாரு.”

“திட்டலியா?”

“திட்டியிருந்தா ரெண்டு வாய் சோறு சேத்துத் துண்ணுருப்பேன்டா.”

நான்கு மாதம் கழித்து மூட்டை வந்தது. மச்சான் வெறுங்காலோடு வந்தார். இறக்கினார். வழக்கம்போல நின்றார். பொட்டலம் தலை குனிந்து தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“அப்புறம்?” என்றார் மச்சான்.

பொட்டலம் ஜோக் எதுவும் சொல்லவே இல்லை. மச்சானாகவே கேட்டார்.

பொட்டலம் இல்லை என்று தலையை ஆட்டினார்.  மச்சான் மொபெட்டை எடுத்தார். அடுத்த வாரமும் வந்தார், கேட்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போனது. கேட்டது ஒரே ஒரு வார்த்தை. 

இந்த மழைக்காலத்தில் பொட்டலம் போய்விட்டார். அடுப்புப் பற்றவைக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. நான்தான் தூக்கினேன். கையில் வெள்ளைத் தாள் இருந்தது.

காரியம் முடிந்த மறு வாரம், மூட்டை வருகிற நாளில் மொபெட் வந்து நின்றது. மச்சான் மூட்டையை அவிழ்த்து, தள்ளுவண்டி நின்ற இடத்தில் இறக்கினார். அந்த இடம் காலி. அவருக்கும் தெரியும். பழக்கத்தில் கை இறக்கிவிட்டது. காலைப் பார்த்தேன். பரணில் இருந்த செருப்பைப் போட்டிருந்தார். புது வார் கடித்து விரலில் தோல் உரிந்திருந்தது.

போகாமல் நின்றார். என்னைப் பார்த்தார்.

எனக்குப் பேச வராது. ஜோக் என்றால் சுத்தமாக வராது. டியூபைக் கீழே வைத்தேன். கையைத் துடைத்தேன்.

“மச்சான், பாலம் ஒண்ணு கட்டனாங்களாம். தெறக்கறதுக்கு முன்னாடியே விரிசல் வுட்டுச்சாம். மந்திரி வர்ற வரிக்கும் பொறுக்காம... பாலம் தானாவே தொறந்துக்கிச்சாம்.”

நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறினேன். மச்சான் கவனமாகக் கேட்டார்.

“அப்புறம்?” என்றார்.

“அவ்ளோதான் மச்சான்.”

“அவ்ளோதானா?”

துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வெகுநேரம் கழித்துத் துண்டை எடுத்தபோது, “நல்லாத்தான் சொல்லிட்டுப் போய்க்கிறான்” என்றார். மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

மூட்டையை என் கடைக்குள் இழுத்து வைத்தேன். எனக்கு வறுக்கத் தெரியாது. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் யாருடையது என்று கேட்கிறார்கள். அண்ணனுடையது, வருவார் என்கிறேன்.