லிஃப்டுக்குள் தொங்கும் மகா நிர்வாகி

பொம்மனஹள்ளி, பெங்களூரு
சனிக்கிழமை

அன்புள்ள மச்சான் தியோடருக்கு,

உன் மாமன் மகன் டொமினிக் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் ரூபினியும் சுகம். அங்கே நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பதற்கு ஆதாரமாகக் குடும்ப வாட்ஸப் குழுவில் வாரம் தவறாமல் படம் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே விசாரிக்க அவசியமில்லை. இருந்தாலும் மரியாதைக்கு விசாரித்ததாக வைத்துக்கொள்.

உன் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. சமாதானம் பேச வந்திருக்கிறான் என்று நினைத்துவிடாதே. அன்றைக்கு நீ சொன்னது சரிதான் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன். என்ன சொன்னாய் என்று நீ மறந்திருப்பாய். அடித்தவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

உனக்குச் சின்னம்மாவும் எனக்குச் சின்ன அத்தையுமான பிலோமினா, இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் நர்ஸாக இருந்துகொண்டு இங்கே ஆஸ்டின் டவுனில் நம் வீட்டுக்குப் பார்சல் அனுப்புவாளே, அதிலிருந்து தொடங்க வேண்டும். பிஸ்கட் டின், ஸ்வெட்டர், பீங்கான் கோப்பை என்று அவள் எதை அனுப்பினாலும், அங்கே மாடியில் குடியிருந்த தாடிக்காரப் பையன் படித்துப் போட்ட வாரக் காமிக்ஸ் பத்திரிகையில்தான் சுற்றி அனுப்புவாள். பிஸ்கட் தங்கைகளுக்கு, காகிதம் நமக்கு. கசங்கிய தாள்கள்மேல் ஈரத்துணி விரித்து உன் அப்பாவின் கரிப்பெட்டியால் இஸ்திரி போட்டு, ஓரம் கிழிந்த இடத்தில் பின்பக்கமாகச் சோற்றுப் பசையில் தாள் ஒட்டி, அதற்கப்புறம்தான் படிப்போம். உன் அப்பாவின் சட்டைகள் சுருக்கத்தோடு சர்ச்சுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனை! ஒருநாள் அவர் அட்டையில் 'முதிர்ந்த வாசகர்களுக்கு மட்டும்' என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் பறிமுதல் செய்தார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினார். சுரங்கத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தைத் தவிர வேறொன்றும் அகப்படாமல், முகம் வாடித் திருப்பிக் கொடுத்தார். அரசாங்கத்தைப் படம் போட்டே கிழிக்கலாம், அதையும் பெட்டிக்கடையில் விற்கலாம் என்பதே நமக்கு அப்போதுதான் தெரியும்.

அதில் வந்த 'சாம்பல் நகரம்' தொடர்கதையையாவது நினைவிருக்கிறதா? பச்சை அட்டை வைத்திருப்பவர்கள் மட்டும் பஸ்ஸில் ஏறலாம், மற்றவர்கள் நடக்க வேண்டும் என்று சட்டம். நடத்துநர் மேவிஸ் அட்டை இல்லாதவர்களையும் ஏற்றிக்கொண்டு மேலே தொங்கும் கயிற்றை இழுத்து இரண்டு மணி அடிப்பாள், வண்டி கிளம்பிவிடும். நமக்கு ஏழாம் பாகம் முதலில் வந்தது. மூன்றாம் பாகம் டீ கெட்டிலைச் சுற்றி வந்தது. கடைசிக்கு முந்தைய பாகத்தில் மேவிஸைக் கூண்டில் நிறுத்தி, "யார் உத்தரவின் பேரில் ஏற்றினாய்?" என்று கேட்கிறார்கள். அவள் வாயைத் திறக்கிறாள். அடுத்த வாரம் முடியும் என்று போட்டிருந்தது. அந்த அடுத்த வாரத்துக்காக நாம் ஒன்றரை வருஷம் காத்திருந்தோம். கடைசியில் அது உன் நிச்சயதார்த்தத்துக்கு அத்தை அனுப்பிய, மீன் பரிமாறும் பீங்கான் தட்டுகளைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. நான் ஆளுயர மாலையைச் சுமந்துகொண்டு உள்ளே நுழைகிறேன், நீ அந்தத் தாளால் கையில் வழிந்த குருமாவைத் துடைத்துக்கொண்டிருக்கிறாய். நான் கத்தியதும் உன் வருங்கால மாமனார் என்னவென்று விசாரித்தார். கரிப்பெட்டியை ஊதி ஊதிக் கண் எரிந்தவன், என்னோடு சேர்ந்து மேவிஸுக்காக முழங்கால் போட்டு ஜெபித்தவன், நீ சொன்னாய்: "அது பொம்ம புக்கு அங்கிள். இவன் இன்னும் அதத்தான் படிச்சினு இருக்கான்."

அவர் சிரித்தார். நீயும் சிரித்தாய். நான் மாலையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு நீ கோவென்ட்ரிக்கே போய்விட்டாய். அந்தப் புத்தகங்கள் விளைகிற மண்ணில் உன்னையும், பீன்யா தொழிற்சாலையில் வால்வு படம் வரைய என்னையும் போட்டதில் ஆண்டவரின் நியாயம் என்னவென்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பழைய காமிக்ஸ் கடை ஒன்று இருக்கிறது. பச்சைக் கதவு. கம்ப்யூட்டர் மேப்பில் அந்தத் தெருவுக்குள் போய், அந்தக் கதவுக்கு முன்னால் பல தடவை நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அது தள்ளினால் திறக்காது. நீ தள்ளினால் திறக்கும், நீ தள்ள மாட்டாய்.

சரி, நீ சொன்னது சரியென்று எப்படித் தெரிந்தது என்பதற்கு வருகிறேன். எங்கள் அடுக்குமாடிச் சங்கத்துக்கு சண்முகம் என்று ஒரு தலைவர். நல்ல மீசை, நல்ல குரல், நல்லதாக வேறொன்றும் இல்லை. ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் கலந்து போட்டவர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பார். போன மாதம் புதுச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார், வீட்டு வேலைக்கு வருபவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது, படியில்தான் வர வேண்டும் என்று. எங்கள் வீட்டில் வேலை செய்யும் சந்திரம்மா ஐந்து மாடி ஏறி வந்து, பேச்சு வராமல் சுவரில் சாய்ந்து நின்று கையால் தண்ணீர் கேட்பாள். நான் சங்கத்துக்கு எழுதினேன். "பரிசீலிக்கிறோம்" என்று வாட்ஸப்பில் ஒரு கும்பிடு பொம்மை வந்தது. நேரில் போய்க் கேட்டேன். "டொமினிக் சார், லிஃப்ட் மெயின்டனன்ஸ் என்ன ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியாது" என்றார். அன்றிரவு சாப்பிடும்போது ரூபினியிடம், "இதுக்கு ஒரே வழி, லண்டன்காரன் வழி. படம் போட்டுக் கிழிக்கிறது" என்றேன். "சரி, ரசத்த ஊத்திக்குங்க" என்றாள்.

பீன்யாவில் இருபத்தெட்டு வருஷம் வரைந்த கையல்லவா, நாலு பக்கம் வரைந்தேன். கி.பி. 2090. பொம்மனஹள்ளி மகா குடியிருப்பு. முகத்தை முழுக்க மூடி மீசையை மட்டும் வெளியே விட்ட ஹெல்மெட்டோடு ஒரு மகா நிர்வாகி. "ஈரமா, உலரா? உண்மையைச் சொல்!" என்று ஜனங்களைக் கழுத்தைப் பிடித்து விசாரிக்கிறார். லிஃப்டில் ஏறத் தடைசெய்யப்பட்ட பெண்கள் படியேறி ஏறித் தொடை தூண் மாதிரி ஆகிவிடுகிறது. ஒருநாள் கரன்ட் போகிறது. லிஃப்டுக்குள் எஜமானர்கள் மாட்டிக்கொண்டு அலற, அந்தப் பெண்கள் கம்பீரமாகப் படியிறங்கி கேட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். காலிப் படிக்கட்டைப் பார்த்து மகா நிர்வாகி தனியாகச் சட்டம் வாசித்துக்கொண்டிருப்பதோடு கதை முடிகிறது. இதைவிட வெளிப்படையாக ஒரு மனிதனைத் திட்ட வேண்டுமென்றால் செருப்பால்தான் முடியும். நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு, போலீஸ் வந்தால் போட்டுக்கொள்ள நல்ல சட்டையொன்றை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

முதலில் வந்தது செயலாளர் லாவண்யா, ஐ.டி. பெண். "அங்கிள், சோ க்யூட்! பிரெசிடென்ட் அங்கிள சூப்பர் ஹீரோவா போட்டுட்டீங்களே!" என்றாள். அடுத்து சண்முகமே வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. "மீசை அப்படியே வந்திருக்கு சார். ஹெல்மெட்டு நல்ல ஐடியா, சேஃப்டி. அந்தக் கடைசிப் படம் இருக்கே, எல்லாரும் வுட்டுட்டுப் போனப்புறமும் நான் தனியா டியூட்டில நிக்கறேன் பாருங்க, அங்க எனக்குக் கண்ல தண்ணி வந்துருச்சு சார்." உண்மையிலேயே வந்திருந்தது, தியோடர். நான் பார்த்தேன்.

"அது கிண்டல் சார்" என்றேன். "நீங்க தன்னடக்கமா சொல்றீங்க" என்றார்.

நாலு பக்கத்தையும் பெரிதாகக் கலரில் அச்சிட்டு, லேமினேட் செய்து, லிஃப்டுக்குள் மூன்று சுவரிலும் மாட்டிவிட்டார்கள். குப்பைத் தொட்டி ஒவ்வொன்றின்மேலும் ஹெல்மெட் முகத்தோடு 'ஈரமா, உலரா?' என்று ஸ்டிக்கர். அதாவது அவருடைய சட்டத்துக்கு நானே முத்திரை செதுக்கிக் கொடுத்துவிட்டேன். யாருக்காக வரைந்தேனோ அவளாலோ அதைப் பார்க்கவே முடியாது, ஏனென்றால் அது தொங்குவது அவள் ஏறக்கூடாத லிஃப்டுக்குள். "நீங்க ஒருத்தர திட்டுனாக்கூட வாழ்த்து மாதிரி இருக்கு. எங்கிட்ட மட்டும் வாழ்த்துறதே திட்டுற மாதிரி வரும்" என்கிறாள் ரூபினி. என் படத்தோடு ஒரே பெட்டியில் நிற்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இப்போதெல்லாம் நானும் படியில்தான் ஏறுகிறேன். முட்டி இரண்டும் போய்விட்டது. தொடை ஒன்றும் தூண் ஆகவில்லை. படிக்கட்டில் நான் மட்டும்தான். இந்த நாலைந்து நாளாக சந்திரம்மாவைக்கூடப் படியில் காணோம், வேறு நேரத்தில் ஏறி வருகிறாள் போலும்.

ஆக, நீ சொன்னதே சரி. அது பொம்ம புக்குதான். அதைப் படித்துவிட்டு உலகத்தைத் தெரிந்துகொண்டதாக நினைத்து, ஒரு வாழ்நாளை வீறாப்பாக ஓட்டிவிட்டேன். யார் எவ்வளவு படம் போட்டும் அங்கே சுரங்கத்தை மூடியவன் மூடினான், இங்கே லிஃப்டை மூடியவன் மூடினான், நடுவில் நாம் இஸ்திரி போட்டோம். ஈஸ்டருக்கு முன், போன தவசு காலத்தில் பிலோமினா அத்தை போய்ச் சேர்ந்தபோது, எத்தனை விதமான பிஸ்கட் அனுப்பினாள் என்று குழுவில் எல்லோரும் எழுதினார்கள். நீ ஒரு கும்பிடு பொம்மை போட்டாய். அவள் உண்மையில் அனுப்பியது என்னவென்று தெரிந்தவர்கள் நாம் இரண்டே பேர், அதில் ஒருவனோடு ஒருவன் பேசுவதில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை. என் படத்தை முதல் கட்டத்திலேயே பார்த்துப் புரிந்துகொண்டு, "மீசைய இன்னும் கொஞ்சம் முறுக்கிவுடுடா" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருக்கிறான்.

நாளை ஞாயிறு காலை பொதுக்குழு. அங்கே எழுந்து நின்று, ஒவ்வொரு கட்டமாக விளக்கி, இது கிண்டல், இது குத்தல், இந்த மீசை உங்கள் மீசை என்று சண்முகத்தின் முகத்துக்கு நேரே சொல்லிவிடப் போகிறேன். படத்தைக் கிழித்தாலும் சரி, புரிந்துகொண்டு கிழிக்கட்டும். கூட்டம் முடிந்ததும் பழைய பேப்பர்காரர் வருவார். பரண்மேல் இருக்கும் நம் காமிக்ஸ் கட்டு முழுவதையும், நம் சோற்றுப் பசையோடு, அவரிடம் தூக்கிக் கொடுத்துவிடுவேன். மேவிஸ் என்ன சொன்னாள் என்பதும் எனக்கு இனி வேண்டாம். நீயும் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

கர்த்தர் உன் வீட்டையும் உன் பிள்ளைகளையும், முக்கியமாக உன் முதுகுவலியையும் கவனித்துக்கொள்வாராக. உன் மனைவிக்கு என் வணக்கம். அவள் அப்பாவின் ஆத்துமா இளைப்பாறட்டும், அன்று சிரித்ததை அவருக்கு மட்டும் மன்னித்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னிடம் தோற்ற மாமன் மகன்,
டொமினிக்

பி.கு.: ஞாயிறு மதியம். மேலே எழுதியது எதுவும் செல்லாது. வேறு தாளில் எழுதப் பொறுமை இல்லாததால் அப்படியே அனுப்புகிறேன்.

காலையில் சந்திரம்மா வந்தாள். மூச்சு வாங்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, நேராக என்னிடம் வந்து, "ஏன் சார், எங்களுக்குத் தொடைய எதுக்கு அவ்ளோ பெருசா போட்டீங்க?" என்றாள். நீ எப்படிப் பார்த்தாய் என்றேன். விஷயம் இதுதான். வேலைக்கு வருகிற பெண்களும் தன் படத்தைப் பார்க்க வேண்டும் என்று சண்முகத்துக்கே ஆசை வந்து, ஒருதரம் லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறார். "ஒருவாட்டி பாத்தோம், புரியலன்னு சொன்னோம் சார். சரி, மறுக்கா பாருங்கன்னாரு. மேல போகச்சே ஒரு பக்கம், கீழ வரச்சே ஒரு பக்கம் பாக்குறோம். வாச்மேன் கேட்டா, பிரெசிடென்ட் படம் பாக்கப் போறோம்னு சொல்றது." அதில் உனக்கு என்ன புரிந்தது என்று கேட்டேன். இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "ஹெல்மெட்டு போட்டா தெரியாதா சார் அந்த மூஞ்சி? அவர நல்லா திட்டிக்கீறீங்க." இன்றைக்குக் கூட்டத்தில் இதையெல்லாம் விளக்கப் போகிறேன் என்றேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "அய்யோ, சும்னே இருங்க சார். புரிஞ்சா படத்த எடுத்துடுவாரு. அப்புறம் நாங்க எதப் பாக்கப் போறோம்னு மேல போறது?"

கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பச்சை நிறம். "டொமினிக் சார் நாலு வார்த்தை பேசுவார்" என்று சண்முகம் மைக்கைக் கொடுத்தார். நான் வாயைத் திறந்தேன். வாசலில் டீத்தட்டோடு சந்திரம்மா நின்றிருந்தாள். "படம் எல்லாருக்கும் புடிச்சதுல சந்தோஷம். ஆனா நுணுக்கமான படம். ஒரு தடவ பாத்தா போதாது, தெனமும் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். "கேட்டுக்குங்க!" என்று சண்முகம் கைதட்டினார்.

பழைய பேப்பர்காரருக்கு ரூபினியின் வார இதழ்களைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இன்றைக்கு உங்களுக்கு ரசம் கிடையாது என்றுவிட்டாள். இது பொம்ம புக்கு இல்லை, தியோடர். அன்றைக்கும் இல்லை. உடனே அந்தப் பச்சைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கடைசிப் பாகத்தைத் தேடிப் பிடி. கூண்டில் நின்ற மேவிஸ் வாயைத் திறந்தாளே தவிர, அவர்களுக்கு ஒரு பதிலும் சொல்லியிருக்க மாட்டாள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. மறுநாள் காலை வேலைக்கு வந்து, வழக்கம்போல எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, இரண்டு மணி அடித்திருப்பாள். நான் நினைப்பது தப்பு என்றால் எழுது. சரி என்றால் கிளம்பி வந்து நேரில் சொல், லிஃப்டிலேயே ஏறி வரலாம்.