பாயசத்துக்குக் கழித்த ஒன்றரை நட்சத்திரம்

பத்து காவானில் சொந்த வீடு வாங்கிக் குடிபோயிருக்கும் என் மனைவியின் மூத்த அண்ணன், மதிப்புக்குரிய சிவநேசன் மச்சான் அவர்களுக்கு, ஜெலுத்தோங் அடுக்குமாடியிலிருந்து தயாளன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தங்கை தனலெட்சுமி, மகள் தனுஜா, பால்கனியில் உள்ள கள்ளிச்செடிகள், கூண்டில் உள்ள மெர்போக் புறா எல்லாரும் நலம். அங்கு நீங்களும் உங்கள் வீட்டம்மா காமினி அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள். பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் ஃபேஸ்புக்கிலும் வாட்சாப்பிலும் என்னை பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள். ஆகையால் பல வருடங்களுக்குப் பிறகு தபால்தலை வாங்க வேண்டியதாயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் தனுஜாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வராமல் பெண் மணவறையில் உட்கார்ந்ததாக நம் குடும்பத்தில் சரித்திரமே கிடையாது. நீங்களோ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். காரணம், நான் ஃபேஸ்புக்கில் நடத்தும் பக்கம். அதைப் பற்றி உங்களுக்குச் சரியான விளக்கம் கிடைக்கவில்லை என்பது என் கணிப்பு. விளக்கிவிட்டால் நீங்களே சிரித்துக்கொண்டு மாலையோடு வந்து நிற்பீர்கள்.

பாயான் பாரு ஃபேக்டரியில் முப்பது வருடம் ஒரே மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். ரிட்டயர் ஆன மறுநாளே, இனி ஒரே வேலை என்பது கிடையாது என்று முடிவெடுத்தேன். அதனால்தான் 'தயாளன் கைவண்ணம்' பக்கத்தில் கள்ளிச்செடி இருக்கும், புறா இருக்கும், மைலோ டின்னில் அளந்த மழைக்கணக்கு இருக்கும், பழைய டேபிள் ஃபேன் ரிப்பேர் இருக்கும், சாப்பிட்ட இடத்துக்கெல்லாம் நான் போடும் நட்சத்திரமும் இருக்கும். தனுஜாகூட, "அப்பா, எதாச்சும் ஒன்னு மட்டும் போடுங்கலா, ஆளுங்க கன்ஃபியூஸ் ஆவுறாங்க" என்றாள். காயும் வடையும் கலந்து தரும் பசெம்பூர் விற்கிறவரிடம் போய் வெள்ளரிக்காய் மட்டும் கொடு என்று யாராவது கேட்பார்களா? எல்லாம் ஒரே தட்டில் கிடந்தால்தான் ருசி என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தட்டில்தான் நீங்கள் வந்து விழுந்தீர்கள். உங்கள் புதுமனை புகுவிழா அன்று மைக்கைப் பிடித்துத் தேவாரம் பாடினீர்களே, அந்தப் படத்தையும் என் புறாவின் படத்தையும் ஒரே நேரத்தில் ஏற்றினேன், குறிப்புகள் இடம் மாறிவிட்டன, உங்கள் படத்துக்குக் கீழே, 'வயது எட்டு மாதம், கழுத்தை உப்பிக்கொண்டு கத்தும், குரல் இன்னும் பழகவில்லை, கூண்டைத் துணியால் மூடினால் அடங்கிவிடும்' என்று வந்துவிட்டது. எட்டு மாதம் என்று தெளிவாகப் போட்டிருக்கிறேன், உங்களுக்கு அறுபத்திரண்டு வயது, யோசிக்கிறவர்களுக்குப் புரியாதா? கீழ்வீட்டு ஹைருல் தம்பி யோசிக்காமல், "அண்ணே, விக்கிறதா இருந்தா மொத எனக்குச் சொல்லுங்கலா" என்று எழுதினான், உடனே நான் 'மேலே இருப்பது புறா அல்ல, என் மச்சான்' என்று திருத்தம் போட்டேன், அந்தத் திருத்தத்தைத்தான் பிறை டவுன் வரைக்கும் ஷேர் செய்து தள்ளிவிட்டார்கள், கோயில் கமிட்டிக் கூட்டத்தில்கூட உங்களை ஒருமுறை கூவிக் காட்டச் சொன்னார்களாம். அதற்கு நான் பொறுப்பல்ல. தவறு நடந்தால் திருத்தம் போடுவதுதான் முறை.

ஆனால் உங்கள் கோபம் அதன்மேல் இல்லையாமே! காமினி அக்கா ஃபோனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "புறாவ விடுங்க, அத அவரு மறந்துட்டாரு. பாயசத்தப் பத்தி எழுதுனீங்களே, அத எடுத்துடுங்க. எடுத்தாத்தான் மாலையத் தூக்கிக்கிட்டு வருவாராம்."

இதுதான் எனக்கு விளங்கவில்லை. அன்றைய விருந்தில் சாம்பாரை எழுதினேன், அவியலைப் புகழ்ந்து தள்ளினேன், பாயசத்துக்கு மட்டும், சவ்வரிசி வேகவில்லை, அடிப்பிடித்த வாசனை, ஒன்றரை நட்சத்திரம் கழிக்கப்படுகிறது, இதைக் கிண்டிய கை இனிக் கரண்டியைத் தொடாமலிருப்பது சமுதாயத்துக்கு நல்லது என்று எழுதினேன். இதில் ஒரு வார்த்தை பொய்யா மச்சான்? நீங்களே பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி "கேட்டரிங்காரன் சொதப்பிட்டான்" என்று சொல்லவில்லையா? முன்பின் தெரியாத ஒரு கேட்டரிங்காரனுக்காகச் சொந்தத் தங்கை மகளின் கல்யாணத்தை விட்டுக்கொடுப்பீர்களா? மச்சான் வீடு என்று நான் நட்சத்திரத்தைக் கூட்டிப் போட்டால், நாளைக்கு என் மழைக்கணக்கை எவன் நம்புவான்? ஆகவே அந்தப் பதிவை நீக்கமாட்டேன். உங்கள் தங்கை இதிலெல்லாம் தலையிடுவதில்லை. என் பக்கத்தை அவள் இதுவரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை, "வீட்டுல பாக்குறது பத்தாதா" என்பாள். நீங்கள் வராததற்குப் புறாதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

புது வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாமல் இருக்கட்டும். காமினி அக்காவின் மூட்டுவலி குணமாக மாரியம்மன் அருள் புரியட்டும். உங்கள் நியாய உணர்வின்மேல் எனக்கு முழு நம்பிக்கை உண்டு.

கல்யாண மண்டப வாசலில் உங்களை வரவேற்கக் காத்திருக்கும் மைத்துனன்,
தயாளன்

பி.கு.: என் கையெழுத்து தபால்காரருக்குப் புரியாது என்று, முகவரி எழுத உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். அவள் உள்ளே இருந்ததையும் படித்துவிட்டாள்.  பிறகு, "அந்தப் பாயசம் நான் கிண்டுனது. கேட்டரிங்ல வந்தது பத்தாதுன்னு அண்ணன் வீட்டு அடுப்புல அவசரமா வெச்சேன். தீஞ்சிடுச்சுன்னு அழுதேன், அண்ணந்தான் பழிய கேட்டரிங்காரன் மேல போட்டுச்சு" என்றாள். மச்சான், உங்களை ஊரே கூவச் சொன்னதைக்கூட மன்னித்துவிட்டு, தங்கச்சி கண்ணில் இது படக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு பிடிவாதமா?  எனக்கு வெட்கமாக இருக்கிறது. பதிவை நீக்கிவிட்டேன், நட்சத்திரம் போடும் வேலையையும் விட்டுவிட்டேன். புதிதாக எழுதக் கை ஓடவில்லை, அதனால் இதையே அனுப்புகிறேன். கல்யாணம் வரைக்கும் காத்திருக்காமல், இது கிடைத்த அன்றே கடல்மேல் போகும் இரண்டாவது பாலத்தைப் பிடித்து வந்துவிடுங்கள். தனலெட்சுமி இருப்பதிலேயே பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றிச் சவ்வரிசியைக் கொட்டியிருக்கிறாள். நீங்கள் வந்து சேரும்வரை எனக்கு மூன்று வேளையும் அதுதானாம்.